அறிந்ததை ஆராய்ந்த அறிஞர் சசூர்

ஒரு துறையின் அடிப்படைகளைக் கற்றுவிட்டோம் என்று எண்ணுதல் எளிது. கற்றது உண்மையில் நம்மிடம் நிற்கின்றதா என்று சோதித்தறிதல் அரிது. எழுத்து, சொல், தொடர், பொருள் ஆகியவற்றை மொழி பயில்வோர் அனைவரும் நாள்தோறும் வழங்குகின்றனர். ஆயினும் சொல் என்பது யாது, ஒரு சொல்லை இருவர் இருவேறு குரலில் ஒலிக்கும்போது அஃது ஒரே சொல் என்று எதனால் துணிகின்றோம் என வினவினால், பல்லாண்டு பயிற்றிய ஆசிரியரும் சற்றே தயங்குவர். அத்தயக்கத்தை மறைத்து மேற்செல்வோரே மிகப் பலர். அதனையே தம் வாழ்நாள் ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு மொழியறிஞர் பெர்டினாண்டு தெ சசூர். இக்கால மொழியியலின் தந்தையெனப் பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. அப்புகழ்மொழியோடு நின்றுவிடாமல், அவர் வாழ்வு எவ்வாறு ஓர் இடையறாத சோதனையாக அமைந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடிப்பிறப்பும் இளமையும்

சசூர் 1857ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஜெனீவா நகரில் பிறந்தார். அவர்தம் குடி, தலைமுறை தலைமுறையாக அறிவியலாளரை ஈன்ற குடியாகும். கொள்ளுப்பாட்டனார் ஒராசு பெனடிக்ட் தெ சசூர், 1787இல் ஆல்ப்சு மலைத்தொடரின் உயர்ந்த சிகரமாகிய மோன் பிளாங்கின் உச்சியை அடைந்து ஆங்கு அளவைகள் எடுத்த புவியியல் அறிஞர். தந்தையார் ஆன்றி தெ சசூர் பூச்சியியல் வல்லுநர், குளவியினங்களை வகைப்படுத்தியவர், மெக்சிகோ நாட்டிற்கு ஆய்வுப் பயணம் மேற்கொண்டவர். கண்ணாற் காண்பதைக் குறித்தல், குறித்ததை வகைப்படுத்தல், வகைப்பாட்டை ஐயுற்று மீண்டும் நோக்கல் என்னும் முறைமை அவ்வீட்டின் காற்றிலேயே கலந்திருந்தது எனலாம்.

குடும்ப நண்பரான அடால்ப் பிக்தே என்னும் முதியவர் மொழியொப்பீட்டில் ஈடுபட்டவர். அவர் நூல்களைப் படித்த சிறுவர் சசூர், பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில் கிரேக்கம், இலத்தீன், ஜெர்மன் ஆகியவற்றின் சொற்களையெல்லாம் மெய்யொலிகளாலாகிய மிகச் சில மூலவேர்களுள் அடக்கிக் காட்ட முயன்று ஒரு கட்டுரை எழுதி அவருக்கு அனுப்பினார். பிக்தே அன்போடு பாராட்டினார். அதே வேளையில் உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே சூத்திரம் காணும் வேட்கையைக் கைவிடுமாறும் அறிவுறுத்தினார். சான்று சிறிதாகவும் முடிவு பெரிதாகவும் அமையும் ஆய்வு நில்லாது என்னும் பாடத்தைச் சசூர் அப்பருவத்திலேயே பெற்றார். அப்பாடம் அவர் வாழ்வின் இறுதிவரை உடன் வந்தது. பிற்காலத்தில் அது வேண்டுமளவுக்கு மேலும் உடன் வந்ததோ என்று எண்ணவும் இடமுண்டு.

1873இல், பள்ளி மாணவராயிருந்தபோதே, கிரேக்கப் பனுவலொன்றைப் படிக்கையில் ஒரு வினைவடிவம் அவர் கருத்தைக் கவர்ந்தது. பிற வடிவங்களில் னகர ஒலி நிற்கும் இடத்தில் அவ்வடிவத்தில் அகரம் நின்றது. இரு மெய்களுக்கு இடைப்பட்ட மூக்கொலி உயிர்போல் இயங்கிப் பின் அகரமாகத் திரிந்திருத்தல் வேண்டும் என அவர் கணித்தார். இஃது அறிஞர் அனைவரும் அறிந்ததாகவே இருக்கும் என்று கருதி வாளா இருந்துவிட்டார். மூன்றாண்டுகள் கழிந்து 1876இல் அதே முடிபைக் கார்ல் புருக்மன் லைப்சிக்கில் வெளியிட்டபோது, அது பெருங்கண்டுபிடிப்பெனக் கொண்டாடப்பட்டது. லைப்சிக்கிற்குப் படிக்கச் சென்ற சசூர் ஆங்குப் பேராசிரியர் ஒருவர் வாயிலாக அச்செய்தியைக் கேட்டறிந்தார். தமக்கு எளிதெனத் தோன்றியது பிறர்க்குப் புதுமையாயிருந்தமை அவருக்கு வியப்பளித்தது. எல்லோரும் அறிந்ததெனக் கருதப்படுவதை உண்மையில் எத்துணைப் பேர் அறிந்துள்ளனர் என்னும் வினா அவருள் அன்றே வேரூன்றியிருத்தல் கூடும்.

இருபத்தோராம் அகவையில் எழுதிய நூல்

குடும்ப மரபையொட்டி 1875இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் பயிலத் தொடங்கிய சசூர், ஓராண்டில் அதனைவிட்டு நீங்கி 1876இல் லைப்சிக் சென்றார். ஒலிமாற்ற விதிகளுக்கு விலக்கில்லை என்னும் கொள்கையை முழங்கிய இளம் இலக்கணிகள் கூடியிருந்த நகரம் அது. இடையே பெர்லினிலும் தங்கி வடமொழி பயின்றார். 1878ஆம் ஆண்டின் இறுதியில், 1879 எனப் பொறிக்கப்பெற்று, இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொன்மை உயிரொலி முறைமை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று.

அந்நூலின் உட்பொருளை எளிமையாகக் காண்போம். கிரேக்கத்தில் ஒரு வேர் சில வடிவங்களில் எகரமும் இகரமும் சேர்ந்து வரும். வேறு சில வடிவங்களில் எகரம் கெட்டு இகரம் மட்டும் எஞ்சும். எகரமும் மூக்கொலியும் சேர்ந்த வேர்களிலும் இதே நிகழ்ச்சி காணப்படும். நெட்டுயிர் கொண்ட வேர்களோ இவ்வரிசையில் அடங்காமல் தனித்து நின்றன. அவற்றின் நெட்டுயிரும் ஒற்றையொலி அன்று, எகரத்தோடு பிறிதோர் ஒலி கூடியதன் விளைவே அந்நெடில் என்று சசூர் துணிந்தார். அப்பிறிதோர் ஒலி எவ்வாறு ஒலித்தது என்று அவர் கூறவில்லை. அதனை எந்த மொழியிலும் எவரும் கேட்டதில்லை. எந்த ஏட்டிலும் கண்டதில்லை. முறைமை ஒத்து வருவதற்கு அவ்விடத்தில் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பதே அவர் காட்டிய சான்று. கணக்கில் தெரியாத எண்ணை ஒரு குறியீட்டால் சுட்டி விடை காண்பது போன்றது இம்முறை.

ஜெர்மானிய அறிஞர் பலர் இதனை ஏற்கத் தயங்கினர். கேளாத ஒலியை உண்டெனல் கற்பனையென அவர்களுக்குத் தோன்றியது. சசூர் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. 1880இல் வடமொழியின் ஆறாம் வேற்றுமைத் தனித்தொடர் குறித்த ஆய்வேட்டிற்கு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பாரிசு சென்றார்.

அவர் மறைந்த பின்னரே அக்கணிப்பிற்குச் சோதனை வந்தது. துருக்கி நாட்டுப் போகாசுக்கோய் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளின் மொழியை 1915இல் பெட்ரிக் குரோசனி படித்தறிந்து, அது இந்தோ-ஐரோப்பிய இனத்தைச் சார்ந்த இட்டைட்டு மொழி என்று நிறுவினார். 1927இல் போலந்து அறிஞர் குரிலோவிச், அம்மொழியில் ஆப்பு வடிவ எழுத்தால் குறிக்கப்பெற்ற ஒரு தொண்டையொலி, சசூர் உண்டெனக் கணித்த இடங்கள் சிலவற்றில் நிற்பதைக் காட்டினார். மேய்ப்பனைக் குறிக்கும் இலத்தீன்சொல் நெடிலோடு வழங்க, அதனோடு உறவுடைய, காத்தலைக் குறிக்கும் இட்டைட்டுச் சொல்லில் குறிலும் அவ்வொலியும் சேர்ந்து வருகின்றன. இளைஞர் ஒருவர் கணித்துச் சொன்ன ஒலி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து மண்ணிலிருந்து வெளிப்பட்டது. மொழியியல் அறிவு சோதனைக்கு உட்பட்டு வெற்றி பெறவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. முறைமையை அறிந்தவர் உறுப்பை அறிவர். உறுப்புகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்க்கு முறைமை புலப்படாது.

பாரிசு நகரில் பத்தாண்டுகள்

1881 முதல் 1891 வரை பாரிசின் உயராய்வு நடைமுறைப் பள்ளியில் சசூர் ஆசிரியராய்த் திகழ்ந்தார். கோத்திக்கு, பழைய உயர் ஜெர்மன் முதலிய மொழிகளைப் பயிற்றினார். அந்துவான் மெய்யே, மொரிசு கிராமோன் முதலிய பின்னாளைப் பேரறிஞர்கள் அவர்தம் மாணாக்கராயினர். தமிழர்க்கும் இத்தலைமுறைத் தொடரோடு ஓர் உறவுண்டு. மெய்யேயின் மாணவர்களுள் ஒருவரான ழூல் பிளாக், திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி 1946இல் ஒரு சிறந்த நூலை வெளியிட்டார். சசூரிடம் தொடங்கிய ஆசிரிய வழி இவ்வாறு நம் மொழிக்குடும்பத்தையும் எட்டியது.

1891இல் சசூர் தாய்நகராகிய ஜெனீவாவுக்கு மீண்டார். ஆங்கு வடமொழியும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளும் பயிற்றும் பேராசிரியரானார். 1892இல் மரி பேஷ் என்னும் அம்மையாரை மணந்தார். புற வாழ்வு அமைதியாகச் சென்றது. அகத்திலோ ஒரு போராட்டம் தொடங்கியிருந்தது.

எழுத முடியாமையின் காரணம்

இளமையில் அத்தகைய நூலை யாத்தவர் அதன்பின் ஏன் பெருநூல் ஒன்றும் எழுதவில்லை? சோம்பல் காரணமன்று. 1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெய்யேவுக்கு வரைந்த மடலில் சசூர் இதனை மனம் திறந்து தெரிவித்துள்ளார். மொழிபற்றிப் பத்து வரி எழுதப் புகுந்தாலும் வழக்கிலுள்ள கலைச்சொற்கள் இடர் செய்வதாகவும், அவற்றைத் திருத்தாமல் எதையும் எழுத இயலவில்லை என்பதாகவும், மொழியறிஞர் தாம் செய்வது யாதென்று தாமே உணருமாறு காட்டவேண்டிய கடமை தம்மை வாட்டுவதாகவும் அம்மடலின் கருத்து அமைந்துள்ளது. தமக்கு விருப்பமில்லாமலேயே ஒரு நூல் எழுதி இதற்கு விடை காணவேண்டியிருக்கும் என்றும் அவர் கவன்றார்.

அவ்வாண்டிலேயே அமெரிக்க மொழியறிஞர் விட்னி மறைந்தார். அவரைக் குறித்து ஒரு நினைவுரை எழுதுமாறு சசூரை வேண்டினர். அவர் எழுதத் தொடங்கி, பல பக்கக் குறிப்புகளை நிரப்பி, முடிக்காமலே விட்டார். மொழி ஒரு சமுதாய நிறுவனம் என விட்னி கூறியது சரியே. ஆயின் பிற நிறுவனங்களிலிருந்து அதனை வேறுபடுத்துவது யாது என்னும் வினாவில் அவர் எழுதுகோல் நின்றுவிட்டது. நாம் அன்றாடம் கையாளும் ஒரு கலைச்சொல்லை எடுத்து, அதன் பொருளைப் பிறிதொரு கலைச்சொல்லின் துணையின்றி விளக்க முயன்று பார்த்தால், சசூரின் இடர்ப்பாடு நமக்கும் விளங்கும். வேற்றுமை என்றால் என்ன என்று கேட்டால் உருபு என்கிறோம். உருபு என்றால் என்ன என்றால் வேற்றுமையைக் காட்டுவது என்கிறோம். இச்சுழலிலிருந்து வெளியேறும் வழியைத் தேடியவர் சசூர்.

போலி வடமொழியும் மறைபெயர்களும்

மொழியறிவைச் சோதிக்கும் விந்தையான வாய்ப்பொன்றும் அவருக்கு அக்காலத்தில் நேர்ந்தது. ஜெனீவா உளவியல் பேராசிரியர் தெயோடோர் புளூர்னுவா, எலேன் சுமித் எனப் புனைபெயரிட்ட ஓர் அம்மையாரை ஆராய்ந்து வந்தார். அவ்வம்மையார் தம்மை மறந்த நிலையில், முற்பிறப்பில் தாம் கன்னட நாட்டுச் சந்திரகிரிக் கோட்டைக்குரிய மன்னனின் மனைவியாய் வாழ்ந்ததாகக் கூறி, வடமொழி போன்றதொரு மொழியைப் பேசினார். அம்மொழியைப் பரிசோதிக்க அழைக்கப்பட்டவர் சசூர். அவர் நகையாடி ஒதுக்கவுமில்லை, வியந்து நம்பவுமில்லை. அசை அசையாகக் குறித்துக்கொண்டு ஆராய்ந்தார். அது வடமொழி அன்று. ஆயினும் ஆங்காங்கே உண்மையான வடசொற்கள் கலந்துள்ளன. வடமொழி இயல்புக்கு மாறான ஒலிகளோ அதில் இல்லை என்பது அவர் கணிப்பு. வடமொழியில் இல்லாத ஃபகர ஒலி, பிரெஞ்சில் மிகுதியாக வழங்குவதாயிருந்தும், அவ்வம்மையார் பேச்சிலும் இல்லாமையை அவர் குறிப்பாகச் சுட்டினார். 1900இல் வெளிவந்த புளூர்னுவாவின் நூலில் இவ்வாராய்ச்சி இடம்பெற்றுள்ளது.

1906 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிறிதோர் ஆராய்ச்சி அவரை ஆட்கொண்டது. பழைய இலத்தீன் பாக்களில் தெய்வம் அல்லது தலைவனின் பெயர் அடிதோறும் சிதறி மறைந்துள்ளது என்று அவருக்குப் பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளை நிரப்பினார். தேடத் தேட எல்லாப் பாக்களிலும் பெயர்கள் கிடைத்தன. எங்கும் கிடைப்பதே அவருக்கு ஐயத்தை விளைத்தது. புலவன் கருதி அமைத்ததா, எழுத்துகளின் தற்செயலான கூட்டமா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? அக்காலத்து இலத்தீன் பாவலரான இத்தாலியப் பேராசிரியர் சொவான்னி பாசுக்கோலிக்கு 1909இல் மடல் எழுதிக் கேட்டார். தாம் முன்வைத்த சான்றுகளுக்கு அவரிடமிருந்து உறுதி கிட்டவில்லை. சசூர் அவ்வாராய்ச்சியை அப்படியே நிறுத்தினார். ஒரு வரியும் வெளியிடவில்லை. மூன்றாண்டு உழைப்பைச் சான்று போதாமையால் பேழையில் வைத்துப் பூட்டும் மனத்திண்மை எளிதில் வாய்ப்பதன்று. இளமையில் கேளாத ஒலியை உண்டென்று துணிந்தவரும், முதுமையில் கண்ட பெயர்களையே ஐயுற்று ஒதுக்கியவரும் ஒருவரே. முன்னதில் முறைமை அவருக்குத் துணை நின்றது. பின்னதில் அத்துணை இல்லை. இவ்வேறுபாட்டை உணர்தலே ஆய்வாளர்க்கு வேண்டிய தகுதியாகும்.

மூன்று பாட வரிசைகள்

1906ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவில் பொதுமொழியியல் பயிற்றிவந்த பேராசிரியர் வெர்தைமர் ஓய்வுபெற, அப்பணி சசூரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஒதுக்கிவைக்க முயன்ற வினாக்களே பாடத்திட்டமாக அவர்முன் வந்து நின்றன. 1907, 1908-09, 1910-11 என மூன்று முறை அப்பாடத்தை நடத்தினார். கேட்டோர் ஒரு கைவிளக்கைச் சுற்றி அமரத்தக்க சிறு குழுவினரே. ஒவ்வொரு முறையும் பாட வைப்பு மாறியது. முதல் முறை ஒலிமாற்றத்திலும் ஒப்புமையாக்கத்திலும் தொடங்கினார். இரண்டாம் முறை மொழியைக் குறிகளின் முறைமையாகக் காட்டினார். மூன்றாம் முறை உலக மொழிகளின் வேறுபாட்டிலிருந்து புறப்பட்டு மொழியின் பொதுவியல்புக்குச் சென்றார்.

அவர் நிறுவிய அடிப்படைகளைத் தமிழ் கற்போர் தம் அறிவைச் சோதித்துக்கொள்ளும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

முதலாவது, குறியின் இடுகுறித்தன்மை. ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு இல்லை. இக்கருத்து நமக்குப் புதிதன்று. சொல் அப்பொருளை உணர்த்துதற்குரிய காரணம் வெளிப்படத் தோன்றாது என்பதைத் தொல்காப்பியர் உரியியலில் குறித்துள்ளார். நன்னூலார் இடுகுறி, காரணம் எனப் பெயர்களை வகுத்துள்ளார். ஆயின் இதுகொண்டு சசூர் கூறியதனைத்தையும் நம் முன்னோர் கூறிவிட்டனர் என்று அமைதல் ஆராய்ச்சி ஆகாது. நன்னூலார் வகுத்தது பெயர்ச்சொல்லை. சசூர் கருதியது மொழி முழுவதும் நிற்கும் நிலையை. ஆறு என்னும் எண்ணுப்பெயரின் காரணம் நமக்குப் புலப்படாது. பதினாறு என்பதன் காரணமோ பத்தையும் ஆறையும் அறிந்தவர்க்கு ஓரளவு புலப்படும். இவ்வாறு முழு இடுகுறி, ஒருபுடை இடுகுறி எனத் தரம் காணலாம் என்பது சசூர் தந்த விளக்கம். ஒலிக்குறிப்புச் சொற்கள் இதற்கு மாறாகாவோ எனின், ஆகா. நாய் தமிழனுக்கு வள்ளென்று குரைக்கின்றது. ஆங்கிலேயனுக்கு வேறு வகையாகக் குரைக்கின்றது. குரைப்பொலி ஒன்றே, மொழி வேறு.

இரண்டாவது, மதிப்பு என்னும் கோட்பாடு. ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லினுள்ளே மட்டும் அடங்கியிருப்பதன்று. அண்டைச் சொற்களோடு அது கொண்டுள்ள வேறுபாட்டில் பிறப்பது. பிரெஞ்சில் ஆட்டையும் ஆட்டிறைச்சியையும் ஒரு சொல் குறிக்க, ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள்ளமையை அவர் எடுத்துக்காட்டினார். நமக்கு நாம், நாங்கள் என்னும் இரண்டும் போதுமான சான்று. கேட்போனை உளப்படுத்துவது ஒன்று, விலக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கும் பிரெஞ்சு மொழியாளர்க்கு நாம் என்பதை எவ்வளவு விளக்கினும் நாங்கள் என்பதை விளக்காமல் அது விளங்காது. ஒலிக்கும் இஃதொக்கும். பல், பள் என்னும் சொற்களைப் பிரிப்பது லகர ளகர வேறுபாடே. கடல், தங்கம், அகம் என்பவற்றில் ககரம் மூவகையாய் ஒலிப்பினும் அவ்வொலி வேறுபாடு தமிழில் பொருளை வேறாக்குவதில்லை. சசூர் விட்ட இடத்திலிருந்து பிராகு நகர அறிஞர்கள் இதனை ஒலியன் கோட்பாடாக வளர்த்தனர்.

மூன்றாவது, மொழி வேறு, பேச்சு வேறு என்னும் பாகுபாடு. இசைக்குழுவினர் ஓர் இசைப்படைப்பைப் பிழைபட வாசித்தால் படைப்பு பழுதாவதில்லை. அதுபோலவே ஒருவர் பேச்சிற் காணும் இடறல்கள் சமுதாயத்திற்குப் பொதுவான மொழியைத் தாக்குவதில்லை. எனினும் பேச்சின்றி மொழி வாழாது. மொழிமாற்றம் அனைத்தும் பேச்சிலேயே அரும்புகின்றது.

நான்காவது, ஒருகால நோக்கும் வரலாற்று நோக்கும். சதுரங்க ஆட்டத்தை இடையில் வந்து காண்பவர், முன்னர் நகர்த்திய காய்களின் வரலாற்றை அறியாமலே பலகையின் அப்போதைய நிலையை முற்ற உணரலாம். நாற்றம் என்னும் சொல் முன்னர் நறுமணத்தையும் குறித்தது. இன்று தீநாற்றத்தையே குறிக்கின்றது. இவ்வரலாற்றை அறிதல் புலமை. ஆயின் இன்று அச்சொல்லை வழங்குவோர்க்கு அவ்வரலாறு தேவைப்படுவதில்லை. இரண்டையும் கலந்து உரைப்பதால் வகுப்பறையில் விளையும் குழப்பங்கள் பல. பழைய வழக்கைச் சான்று காட்டி இன்றைய வழக்கைப் பிழையென்பதும், இன்றைய வழக்கைச் சான்று காட்டிப் பழம்பனுவலுக்குப் பொருள் கூறுவதும் இக்குழப்பத்தின் இருமுகங்களே.

வகுப்பறையில் தம்மையே திருத்தியவர்

1911ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்றாம் பாட வரிசையின் இறுதிக்கட்டத்தில், சசூர் முன்னர்த் தாம் கூறிய பகுதிக்கு மீண்டு வந்தார். கருத்து, ஒலிப்படிமம் என அதுவரை வழங்கிய சொற்களுக்கு மாற்றாகக் குறிப்பீடு, குறிப்பான் என இன்று நாம் தமிழில் வழங்கும் இணைச்சொற்களை அப்போதுதான் முன்வைத்தார். பின்னாளில் உலகெங்கும் பரவிய அவ்விணை, ஓர் ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே திருத்திய வேளையில் பிறந்தது என்பது ஈண்டு நினையத்தக்கது.

அதே மாதத்தில் மாணவர் ஒருவரிடம் தம் இருதலைக் கொள்ளி நிலையை அவர் வெளியிட்டார். பொருளின் சிக்கலையெல்லாம் காட்டித் தம் ஐயங்களையும் அறிவித்தால், தேர்வெழுத வேண்டிய மாணவர்க்கு அது பொருந்தாது. எளிமைப்படுத்திக் கூறினாலோ உண்மைக்கு ஊறு நேரும். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் இவ்விருதலையை நன்கறிவர். தேர்வுக்கு உதவும் வரையறையைத் தந்துவிட்டு, அவ்வரையறை எங்கே நெகிழ்கின்றது என்பதைச் சொல்லாது விடுதல் எளிய வழி. சசூர் எளிமைப்படுத்தினார், ஆயினும் ஐயத்தை முற்றும் மறைத்தாரல்லர்.

மறைவும் நூலின் பிறப்பும்

1912இல் நோயுற்றுப் பணியினின்றும் விலகிய சசூர், 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வுப்ளான் என்னும் ஊரில் தம் ஐம்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார். பொதுமொழியியல் பற்றி அவர் தம் கையால் வெளியிட்ட நூல் ஒன்றுமில்லை.

உடன்பணியாற்றிய சார்லசு பாலியும் ஆல்பெர் செசெயேவும் அவர் வீட்டில் பாடக்குறிப்புகளைத் தேடினர்; பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பாடத்திற்கென அவ்வப்போது வரைந்த தாள்களை அவர் அழித்துவிடுவது வழக்கம் என்று அவர்கள் அறிந்தனர். அவ்விருவரும் அப்பாடங்களை நேரில் கேட்டவரல்லர். ஆதலின் மாணவர் ஏடுகளைத் திரட்டி, ஆல்பெர் ரீட்லிங்கர் என்னும் மாணவரின் துணையோடு, மூன்று பாட வரிசைகளையும் ஒன்றாகப் பிணைத்து 1916இல் பொதுமொழியியல் பாடம் என்னும் நூலை வெளியிட்டனர். மாணவர் ஏடுகளால் ஆசிரியர் புகழ் நின்ற இந்நிகழ்ச்சி உலக அறிவு வரலாற்றில் அரிதினும் அரிது.

எனினும் அந்நூலையும் சோதித்தே கொள்ளவேண்டும். மூன்றாம் பாட வரிசையில் முதலில் வைத்துப் பயிற்றிய மொழிகளின் நிலவியல் வேறுபாடு நூலின் பிற்பகுதிக்குச் சென்றுவிட்டது. மொழியை அதன்பொருட்டே ஆராய்க என்னும் கருத்தமைந்த, பலரும் எடுத்தாளும் இறுதித் தொடர் மாணவர் ஏடுகளில் காணப்படவில்லை. அது பதிப்பாளர் சேர்த்தது. 1957இல் ராபெர் கொதெல் கையெழுத்து மூலங்களை ஆராய்ந்தார். பின்னர் ருடால்ப் எங்லர் மாணவர் ஏடுகளை நிரல்பட வைத்து ஒப்பீட்டுப் பதிப்பொன்றை உருவாக்கினார். 1996இல் ஜெனீவாவிலுள்ள சசூர் குடும்பத்து மாளிகையின் தோட்ட மனையில் அவர்தம் கையெழுத்துப் படிகள் வெளிப்பட்டு, 2002இல் அச்சேறின. அவற்றுள் காணும் சசூர், 1916ஆம் ஆண்டு நூலின் சசூரினும் தயங்கித் தயங்கி நடப்பவர். ஒரு தொடரை எழுதி அடித்து மீண்டும் எழுதுபவர். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உ.வே.சாமிநாதையர் வழியில் வந்த நமக்கு, ஒரு நூலின் மூலத்தைத் தேடும் இவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தாக்கமும் நாம் கொள்வனவும்

சசூரின் கருத்துகள் மொழியியலின் எல்லையைக் கடந்தன. யாகப்சன், துருபெட்சுகாய், எல்ம்சுலேவ் ஆகியோர் மொழியியலில் அவற்றை வளர்த்தனர். லெவி-சுட்ரோசு மானிடவியலிலும், ரோலாண் பார்த் இலக்கியத்திலும் கையாண்டனர். 1928இலேயே சப்பானிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. வேடு பாசுகினின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1959இல் வந்தது. தமிழில் அமைப்பியல் பற்றிய உரையாடலுக்குத் தமிழவன் 1982இல் வெளியிட்ட ஸ்ட்ரக்சுரலிசம் என்னும் நூல் வித்திட்டது. இன்று குறிப்பான், குறிப்பீடு என்னும் சொற்கள் நம் திறனாய்வுக் கட்டுரைகளில் மலிந்து காணப்படுகின்றன.

மலிவு ஒன்றே மகிழ்ச்சிக்குரியது ஆகாது. சசூரைத் துன்புறுத்தியது கலைச்சொல் இன்மையன்று. பொருள் தெளியாமல் கலைச்சொல் வழங்கப்படுதலே. அவர் பெயராலேயே இன்று அது நிகழுமாயின், அவர் பட்ட பாட்டிற்குப் பயன் யாது? குறிப்பீடு என்பது உலகில் உள்ள பொருளன்று, மனத்திற் பதிந்த கருத்து என்னும் முதற்பாடத்தையே மறந்து, மரம் என்னும் சொல்லுக்குத் தோட்டத்து மரமே குறிப்பீடு என எழுதும் கட்டுரைகள் உள. தேர்வு ஏடுகளில் அவ்வாறு எழுதும் மாணவரைக் குறைகூறுவதற்கு முன், நாம் அதனை எவ்வாறு கற்பித்தோம் என்று எண்ணுதல் நன்று.

அடிப்படை அறிவைச் சோதிக்கச் சசூரின் வாழ்வு மூன்று வழிகளைக் காட்டுகின்றது. கற்ற கருத்தை நூலில் இல்லாத நம் சொந்த எடுத்துக்காட்டால் விளக்க முயலுதல் ஒன்று. அதற்கு மாறாகத் தோன்றும் சான்றை நாமே தேடிச் சென்று எதிர்கொள்ளுதல் மற்றொன்று. சான்று போதாதவிடத்து, எத்துணை உழைத்திருப்பினும், முடிபை நிறுத்திவைத்தல் மூன்றாவது. இம்மூன்றும் இலக்கியம் பயில்வோர்க்கும் ஒக்கும்.

பத்தாண்டுகளாகக் கூடிப் படித்தும் உரையாடியும் வருகின்ற இலக்கிய வட்டத்திற்கு இவ்வறிஞர் வாழ்வு ஒன்றை நினைவூட்டும். ஏறத்தாழப் பன்னிருவர் அமர்ந்து கேட்ட ஓர் அறையிலேதான் இருபதாம் நூற்றாண்டின் மொழிச்சிந்தனை உருப்பெற்றது. அவர்கள் கவனத்தோடு கேட்டனர். கேட்டதைப் பிழையின்றிக் குறித்துவைத்தனர். சிறு கூட்டம் என்று அவ்வறையை எவரும் இகழ்ந்திருப்பின், இழப்பு உலகினுடையதாகும்.